பத்தாவது சொல்

ஸ்டுட்கார்ட்
10.9.1967

அன்புள்ள அக்கா,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவுக்கு இதை முதலில் வாசித்துக் காட்டிவிடு, இல்லாவிட்டால் மீதியைக் கேட்க மாட்டாள். அவள் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலத்தைத் தேய்க்கிறாளா, பாட்டிலை அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாளா?

பயிற்சிக்கு வந்த தொழிற்சாலையில் என்னை இப்போது அளவுப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். லேத்தில் கடைந்து வரும் பாகங்களை அளந்து சரி, தப்பு என்று சொல்ல வேண்டும். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தப்பினாலும் தூக்கிப் போடலாம். யாரும் வாதாட முடியாது. எனக்கு ஏற்ற வேலை.

என்னோடு ஒரே பிரிவில் வேலை செய்து, ஒரே அறையில் தங்கியிருப்பவன் பேர் பீட்டர் லோவன்தால். எந்த ஊர் என்று கேட்டேன். ஷாங்காய் என்றான். ஆள் பால் வெள்ளை. இங்கே யூதர்களைத் துரத்திய காலத்தில் அவன் அப்பாவும் அம்மாவும் கப்பலேறி அங்கே போய்ச் சேர்ந்தார்களாம். அங்கே பிறந்து, பத்து வயதில் இந்த நாட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறான். "நானும் ஆசியாக்காரன்தான், எனக்குக் கொஞ்சம் மரியாதை கொடு" என்கிறான்.

யூதன் என்றால் தாடி வைத்திருப்பான் என்று நினைத்திருந்தேன். இவன் தினமும் சவரம் செய்கிறான், சாமி கும்பிடுவதில்லை, கான்டீனில் பன்றி இறைச்சி வாங்கித் தின்கிறான். நான் என்ன தின்கிறேன் என்று கேட்காதே. இந்த வரியை அம்மாவுக்கு வாசிக்காதே.

உன் பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறது? பதில் எழுது.

பாஸ்கரன்


திருநெல்வேலி
2.10.1967

என் பிரியமுள்ள தம்பிக்கு,

அக்கா கனகவல்லி ஆசீர்வாதம். நாங்கள் இருவரும் நலமாக இருக்கிறோம். தைலம் பாட்டில் அலமாரியில்தான் இருக்கிறது. அந்த ஒரு வரியைத் தவிர உன் கடிதம் முழுவதையும் அம்மாவுக்கு வாசித்தேன். நடுவில் நிறுத்தியதுமே, "என்னத்தத் திங்கானாம்?" என்று கேட்டுவிட்டாள். ரொட்டி என்று சொன்னேன்.

ஒன்பதாம் வகுப்புக்கு இந்த வருஷமும் நான்தான் கணக்கு. சாந்தா டீச்சர் கம்பளி பின்னக் கற்றுக்கொடுக்கிறாள். உனக்கு ஒரு பச்சைத் தொப்பி பின்னிக்கொண்டிருக்கிறேன். காது ஒன்று பெரிதாக வந்திருக்கிறது. நீ அளந்து பார்க்காதே.

பெரியப்பா மகன் பாலச்சந்திரனைப் பிலாய்க்கு மாற்றிவிட்டார்கள். போன வாரம் குடும்பத்தோடு போய்விட்டான். போன மாசியில் நீ இல்லாததால் அப்பா திதியை அவன்தான் கொடுத்தான். வரும் மாசிக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டுப் போனான். என்ன செய்யலாம் என்று நீ எழுதினால் நல்லது.

குளிர் தொடங்கியிருக்கும். மார்பை மூடிக்கொண்டு வெளியே போ.

அக்கா


ஸ்டுட்கார்ட்
16.10.1967

அன்புள்ள அக்கா,

நான் நன்றாக இருக்கிறேன், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

திதி பற்றிக் கேட்டிருந்தாய். நேராகச் சொல்கிறேன். பாலச்சந்திரன் வராவிட்டால் விட்டுவிடு. அப்பா உயிரோடு இருந்தபோது நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். ஆற்றில் சோற்றைப் போட்டு அவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. நீ கணக்கு டீச்சர், உனக்குத் தெரியாதா? அம்மாவுக்கு எடுத்துச் சொல். இத்தோடு இந்த விஷயம் முடிந்தது.

பீட்டரை நேற்று மடக்கினேன்.

"சாமி உண்டா?"

"இல்லை."

"கோயிலுக்குப் போவாயா?"

"மாட்டேன்."

"உன் ஆட்கள் தின்னாததைத் தின்கிறாய்."

"ருசியாக இருக்கிறது."

"அப்புறம் எந்த விதத்தில் நீ யூதன்? அன்றைக்கு அவர்கள் உன் அப்பாவை அப்படிச் சொல்லித் துரத்தியதாலா?"

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "நான் யார் என்பதை அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எனக்கில்லை" என்றான்.

"சரி, நீயே சொல்."

அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. சில பிரார்த்தனைகளைத் தனியாகச் சொல்லக்கூடாது, வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் கூடியிருக்க வேண்டும். செத்தவர்களுக்காகச் சொல்வதும் அதில் சேர்த்தி. "எங்கேயாவது ஒன்பது பேர் நின்றுகொண்டு, பத்தாவது ஆள் வேண்டும் என்று கூப்பிட்டால் எழுந்து போவேன். அதுதான் நான் யூதன் என்பதற்கு அர்த்தம். வேறு எனக்குத் தெரியாது" என்றான்.

இதெல்லாம் ஒரு விளக்கமா? நம்பாத விஷயத்துக்கு எழுந்து போகிறவனை என்னவென்று சொல்வது? முட்டாள் என்றேன். "இருக்கலாம், விளக்கை அணை" என்றான்.

தொப்பியை அனுப்பு. காது எனக்கும் ஒன்று பெரிதுதான்.

பாஸ்கரன்


ஸ்டுட்கார்ட்
12.12.1967

அக்காவுக்கு,

தொப்பி வந்தது, கடிதம் வரவில்லை. பார்சலுக்குள் ஒரு வரிகூட இல்லை. இரண்டு மாதம் ஆகப்போகிறது. அம்மாவுக்கு முடியவில்லையா? ஸ்கூலில் ஏதாவது தகராறா? எதுவாக இருந்தாலும் எழுதிவிடு. நீ சொல்லாமல் இருந்தால் நானே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது, எனக்கு அது வராது. நான் சௌக்கியம்.

போன ஞாயிற்றுக்கிழமை பீட்டரின் அப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். ரயிலில் ஒரு மணி நேரம், நெக்கார் ஆற்றங்கரையில் சின்ன ஊர். கிழவருக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது. தடியை ஊன்றித் தெருமுனை வரைக்கும் நடப்பார், அதற்குமேல் முடியாது. போன பிப்ரவரி இரண்டாம் தேதி அவர் மனைவி இறந்துபோனாள். முதல் வருஷத்துப் பிரார்த்தனையைத் தன் வாயால், அவர்கள் போய்வந்த அந்த ஊர்க் கூடத்திலேயே சொல்ல வேண்டும் என்பது அவர் ஆசை. "அடுத்த வருஷம் என் நாக்கு என் பேச்சைக் கேட்குமா தெரியாது" என்றார். இப்போதே பாதி வார்த்தைகள் குழறுகின்றன.

ஊரில் இப்போது அவரைத் தவிர நாலு யூத ஆண்கள். அப்பாவும் பீட்டரும் சேர்ந்தால் ஆறு. பத்துப் பேருக்கு எங்கே போவது?

பிப்ரவரி இரண்டு என்று நான் குறித்துக்கொண்டேன். இல்லை, இந்தத் தடவை இருபத்தொன்றாம் தேதி என்கிறார்கள். செத்த தேதி எப்படி மாறும் என்று சண்டைக்குப் போனேன். அவர்களுக்குப் பிறைக்கணக்கு. இருபத்திரண்டாம் பிறை. யோசித்துப் பார்த்தால் நம் தேய்பிறை சப்தமி. அதாவது திதி. நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆள் சேர்க்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். பீட்டருக்கு யாரிடமும் போய்க் கேட்கக் கூச்சம். எனக்கு அது கிடையாது.

உடனே எழுது.

பாஸ்கரன்


திருநெல்வேலி
4.1.1968

அன்புள்ள தம்பிக்கு,

கவலைப்படாதே, இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அரைப் பரீட்சைப் பேப்பர் திருத்துவதில் நாள் போய்விட்டது. அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள். சாயங்காலங்களில் அதிகம் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

தொப்பி வந்து சேர்ந்ததில் சந்தோஷம்.

பீட்டரின் அம்மாவுக்கு மகள் கிடையாதா?

அக்கா


ஸ்டுட்கார்ட்
17.1.1968

அன்புள்ள அக்கா,

இரண்டு மாதம் காத்திருந்து இவ்வளவு சின்னக் கடிதம் வாங்குவேன் என்று நினைக்கவில்லை. இருக்கட்டும். சுகமாக இருக்கிறீர்கள் என்று தெரிந்தது, போதும். அம்மாவை என்னைத் திட்டி ஒரு கடிதம் சொல்லச் சொல்லி நீ எழுது. சாயங்காலம் பேச்சு வந்துவிடும்.

மகள் இருக்கிறாள். ரூத் என்று பேர், பீட்டருக்கு மூத்தவள், உல்ம் நகரத்தில் நர்ஸ். கடைசி ஆறு மாதம் அம்மாவைக் குளிப்பாட்டி, சோறூட்டிப் பார்த்துக்கொண்டது அவள்தான். ஆனால் பெண்களைப் பத்தில் சேர்க்க மாட்டார்கள். நூற்றுக்கணக்கான வருஷத்துப் பழக்கமாம். பைத்தியக்காரத்தனம் என்று அவளிடமே சொன்னேன். "தெரியும். நான் கேக் செய்து எடுத்துக்கொண்டு வருவேன், பின்வரிசையில் உட்காருவேன், என் வாய்க்குள் நானும் சொல்லுவேன். என் வாய்க்குள் வந்து யார் எண்ணப் போகிறார்கள்?" என்றாள். நல்ல தைரியசாலி. கொஞ்சம் உன் சாடை.

ஸ்டுட்கார்ட்டில் நாலு பேரைப் பிடித்துவிட்டேன். ஒருவர் பல் டாக்டர், இரண்டு பேர் துணி வியாபாரம், ஒருவர் கல்லூரி மாணவர். ஆறும் நாலும் பத்து. எந்த மெஷினுக்கும் ஸ்பேர் வைத்துக்கொள்ள வேண்டும், அதற்கு நான் இருக்கிறேன். யாராவது வராவிட்டால் நான் நின்றுவிடுவேன். பத்து என்றால் பத்துதானே.

பீட்டரிடம் இன்னும் சொல்லவில்லை. அன்றைக்குப் பார்த்துக்கொள்ளட்டும்.

பாஸ்கரன்


திருநெல்வேலி
6.2.1968

என் பிரியமுள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். நாங்கள் சுகம். உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். ரூத் சொன்னதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். என்ன கேக் என்று கேட்டாள்.

பள்ளிக்கூடத்தில் இருபத்துநாலாம் தேதிக்கு லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

உன் காரியம் நல்லபடியாக நடக்கட்டும். எப்படி நடந்தது என்று ஒன்று விடாமல் எழுது.

அக்கா


ஸ்டுட்கார்ட்
25.2.1968

அன்புள்ள அக்கா,

நான் நலமாக இருக்கிறேன். தொண்டை மட்டும் கட்டியிருக்கிறது. ஏன் என்று கேள்.

புதன்கிழமை சாயங்காலம் மூன்றரைக்கெல்லாம் கூடத்தில் இருந்தோம். கூடம் என்றால் பழைய வீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் ஒரு பெரிய அறை. வெளியே மழையும் பனியும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. கிழவரை நாற்காலியோடு தூக்கி வந்தோம். சூரியன் அடைவதற்குள் முடித்துவிட வேண்டும். ரூத் ஆப்பிள் கேக்கைத் துணியால் மூடிப் பின்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பல் டாக்டருக்குக் காய்ச்சல். வரவில்லை.

நான் எழுந்து நின்று விரலை நீட்டி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ண ஆரம்பித்தேன். ஊர்க்காரர் ஒருவர், க்ரூன்பாம் என்று பேர், என் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார். மனிதர்களை எண் சொல்லி எண்ணக்கூடாதாம். அவர்கள் வேதத்தில் பத்துச் சொற்கள் உள்ள ஒரு வரி இருக்கிறது. ஆளுக்கு ஒரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே போவார்கள். வரி முடிந்தால் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எனக்கு அம்மா அரிசி அளப்பது ஞாபகம் வந்தது. முதல் படியை ஒன்று என்று சொல்லமாட்டாள், லாபம் என்பாள். லாபம், ரெண்டு, மூணு. சின்ன வயசில் நான் ஒவ்வொரு தடவையும், "ஒன்று" என்று திருத்துவேன். அவள் ஒரு தடவைகூடத் திருத்திக்கொண்டதில்லை.

க்ரூன்பாம் ஒவ்வொருவராகப் பார்த்து ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்பது சொல் ஆயிற்று. அடுத்து நான். முதுகை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். என்னைப் பார்த்தார், சிரித்தார், தோளைத் தட்டினார். பத்தாவது சொல்லைச் சொல்லவில்லை. வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

"நானும் ஆள்தானே?" என்றேன்.

"நல்ல ஆள். எங்கள் ஆள் இல்லை" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அப்படியே ரயிலேறியிருப்பேன். நாலு பேரைத் தேடிப் பிடித்தவன் நான். ஆனால் கிழவர் அதற்குள் புத்தகத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு, யாராவது ஆரம்பிக்கச் சொல்லுவார்கள் என்று எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு எங்கே போவது?

"இந்த ஊரில் வேறு யாருமே இல்லையா?" என்று கேட்டேன். க்ரூன்பாம் சொன்னார்: "ஸ்டேஷன் வாசலில் சாஸேஜ் கடை வைத்திருக்கும் கெஸ்லர். வதைமுகாமிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரே ரயிலில் திரும்பி வந்தோம். அவன் அதற்கப்புறம் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. அவனை விட்டுவிடுங்கள். நாங்கள் எல்லாரும் அவனை விட்டுவிட்டோம்."

நான் ஓடினேன். பனியில் இரண்டு தடவை சறுக்கி விழுந்தேன்.

கடையில் நாலைந்து பேர் நின்று தின்றுகொண்டிருந்தார்கள். அடுப்புக்குப் பின்னால் அறுபது வயசு ஆள், வெள்ளை ஏப்ரன். இந்த நாட்டில் சில கேள்விகளை யாரும் சத்தமாகக் கேட்பதில்லை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சுற்றி வளைத்துக் கேட்கிற அளவுக்கு ஜெர்மன் பாஷை எனக்கு வராது. தமிழிலேயே வராது.

"நீங்கள் யூதரா?" என்றேன்.

கடையில் இருந்த எல்லாரும் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு அம்மாள் தன் செருப்பைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த இடுக்கியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"யார் கேட்கச் சொன்னது?"

"யாரும் சொல்லவில்லை. கேட்காதே என்றுதான் சொன்னார்கள். ஒன்பது பேர் இருக்கிறார்கள். லோவன்தால் மனைவிக்காக."

அவர் அடுப்பில் இருந்த சாஸேஜ்களை எடுத்து, எதிரே நின்ற ரயில்வே ஊழியர் தட்டில் போட்டு, "கருகிவிடும், தின்னு" என்றார். ஏப்ரனைக் கழற்றினார். செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாளிடம், "கடையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். அவள் உள்ளே போய் நின்றுகொண்டாள்.

வழியில், "இருபது வருஷமாக இந்த ஊரில் என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. அதற்கு முன்னால் கேட்டவர்கள் வேறு காரியத்துக்குக் கேட்டார்கள்" என்றார்.

"என்மேல் கோபமா?"

"அடுப்பை அணைத்தேனா என்று யோசிக்கிறேன்."

கூடத்து வாசலில் நின்றுவிட்டார். உள்ளே போக மனசில்லையோ என்று பயந்தேன். தலையைத் தொட்டுக் காட்டினார். தலையை மூடாமல் போகக்கூடாது, அவரிடம் தொப்பி இல்லை. என் தலையிலிருந்த பச்சைத் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தேன். பெரிய காது இடப்பக்கம் தொங்க, அதைப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தார். க்ரூன்பாம் அவரைப் பார்த்தார். விசாரிப்பு எதுவும் இல்லை. வாய்க்குள் வைத்திருந்த அந்தச் சொல்லைச் சொன்னார். அவ்வளவுதான்.

கிழவர் சொல்லத் தொடங்கினார். இரண்டு இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. பீட்டர் எடுத்துக் கொடுக்கவில்லை, காத்திருந்தான். எல்லாரும் காத்திருந்தார்கள். சொல்லி முடித்தார். அந்தப் பிரார்த்தனையில் சாவைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கிடையாதாம், பீட்டர் அப்புறம் சொன்னான். நான் பின்வரிசையில் ரூத் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், தலையில் என் கைக்குட்டை. அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. கணக்கில் வராதவர்கள் நாங்கள் இரண்டு பேர். அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது எனக்குக் கஷ்டமாக இல்லை, அக்கா. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு ஆளுக்கு ஒரு சின்ன கிளாஸ் மது, ஆப்பிள் கேக். கெஸ்லர் இரண்டு துண்டு தின்றார். கிழவர் அவர் கையை விடவே இல்லை.

நேற்று இருபத்துநாலு. தேய்பிறை தசமி. நீ லீவு எழுதிக் கொடுத்த தேதி. அறையில் உட்கார்ந்து தொண்டைக்கு வெந்நீர் குடிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. பாலச்சந்திரன் வந்தானா? யார் செய்தார்கள்? அக்டோபரில் நான் எழுதியது தப்பு. எழுது.

பாஸ்கரன்


திருநெல்வேலி
8.3.1968

என் தம்பி பாஸ்கரனுக்கு,

தொண்டைக்கு மிளகும் பாலும் குடி. நாங்கள் இரண்டு பேரும் மிகவும் நன்றாக இருக்கிறோம். இந்தத் தடவை இது சும்மா எழுதுவது அல்ல.

நான் கணக்கில் வராவிட்டாலும் என் தொப்பி வந்துவிட்டது. அம்மா அந்த இடத்தில் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

பாலச்சந்திரன் வரவில்லை. செப்டம்பரிலேயே ஐயரிடம் கேட்டுப் பார்த்தேன், நான் செய்யலாமா என்று. "மகன் உசிரோட இருக்கான், பங்காளி இருக்கான், பொண்ணு எதுக்கு? முடியாதுன்னா விட்டுடும்மா" என்றார். சரி, உன்னிடம் கேட்டால் நீ என் பக்கம் பேசுவாய் என்று எழுதினேன். "விட்டுவிடு" என்று உன் கடிதம் வந்தது. நம்புகிறவரும் நம்பாதவனும் வேறு வேறு காரணத்துக்காக ஒரே வார்த்தையைச் சொன்னீர்கள். அதற்குமேல் உனக்கு எழுத எனக்கு என்ன இருந்தது? அம்மாவும் அன்றிலிருந்துதான் பேச்சைக் குறைத்தாள்.

ஜனவரியில் ரூத் பற்றி எழுதினாய். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

காலையில் அம்மாவைக் குதிரை வண்டியில் குறுக்குத்துறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டிலேயே அரிசி அளந்து சோறு வடித்து எடுத்துக்கொண்டோம். ஐயர் இல்லை, மந்திரம் இல்லை. அப்பா பேரை மட்டும் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டேன், பிண்டம் பிடித்து ஆற்றில் கரைத்தேன். குளித்துவிட்டு ஏறி வந்த ஒருத்தர், "பொம்பளப்புள்ள இதெல்லாம் செய்யலாமா?" என்று நின்றுவிட்டார். படியில் உட்கார்ந்திருந்த அம்மா, "அவ அப்பாவுக்கு அவ செய்யுதா. ஒமக்கென்ன வே? தலையத் தொடச்சிட்டுப் போவும், சளி புடிக்கும்" என்றாள். அவர் போய்விட்டார். அன்றைக்கு அம்மா இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

டிசம்பரில் உன் பயிற்சி முடிகிறது. அடுத்த மாசியில் நான்தான் செய்வேன், அதை உனக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன். உன்னை நம்பச் சொல்லவும் இல்லை. ஆனால் உன்னைக் கூப்பிடுகிறேன்.

அக்கா


ஸ்டுட்கார்ட்
19.3.1968

அன்புள்ள அக்கா,

தொண்டை சரியாகிவிட்டது. மிளகும் பாலும் சகிக்கவில்லை.

பீட்டருக்கு உன் கடிதத்தை மொழிபெயர்த்துச் சொன்னேன். கடைசி வரியைக் கேட்டுவிட்டு, "என்ன செய்யப் போகிறாய், முட்டாள்?" என்றான். விளக்கை அணை என்றேன்.

பச்சைத் தொப்பி திரும்பி வராது. கெஸ்லர் அதைப் போட்டுக்கொண்டுதான் கடையில் நிற்கிறாராம். எனக்கு இன்னொன்று பின்னு, காதுகளை மாற்றாதே.

அம்மாவிடம் இதை மட்டும் வாசித்துக் காட்டு: ஜனவரியில் கப்பலேறுகிறேன். படித்துறையில் உன் பக்கத்தில் எள்ளுக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அன்றைக்கு நீ அரிசி அளக்கும்போது முதல் படியை நான் போடுகிறேன். லாபம் என்றுதான் சொல்வேன்.

பாஸ்கரன்